எண்ணெய் போடக் கூடாத இடம்

ஜனவரி 12, ஞாயிறு

விடுமுறை. காலையிலிருந்து வீட்டில் கிறீச் என்று வாயைத் திறந்ததற்கெல்லாம் எண்ணெய் போட்டேன். வாசல் கதவுக் கீல், குளியலறைத் தாழ்ப்பாள், தையல் மெஷின், கத்தரிக்கோல். மனைவியின் முழங்காலும் கொஞ்ச நாளாகச் சத்தம் போடுகிறது. கேனோடு திரும்பினேன். அவள் பார்த்த பார்வையில் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அட்டைப்பெட்டி கம்பெனியில் எனக்கு இதுதான் உத்தியோகம். மெஷின் ஓடுவதற்கு முன்னால் நீள மூக்குக் கேனோடு ஒரு சுற்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று. செயின், பேரிங், கியர் எல்லாம் என் ஆட்சி. மோட்டாரும் ஒயரும் எலெக்ட்ரீஷியன் ஆட்சி. அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லோரும் என்னை 'ஆயிலு' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதுதான் என் பெயர் எனக்கே ஞாபகம் வரும். 'ஆயில் போட்டா ஆயுள் கூடும்' என்று சொந்தமாக ஒரு வசனம் வைத்திருக்கிறேன். சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. இருந்தாலும் சொல்வேன்.

கடைசியாக மகளின் வண்டி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காலும் வேலை செய்யாது. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் தள்ளுகிற சக்கர நாற்காலியில்தான். தள்ளினவன் நான். போன வருஷம்தான் இந்த மோட்டார் நாற்காலி வந்தது. வலது கைக்குக் கீழே ஒரு குச்சி. சாய்க்கிற பக்கம் போகும். வந்ததிலிருந்து வீட்டில் என்னைக் கூப்பிடுகிற சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இதுவரை அதற்கு யாரும் எண்ணெய் போடவில்லை என்பது இன்றுதான் உறைத்தது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். மோட்டாரில் இரண்டு கறுப்பு மூடி, காசு வைத்துத் திருகுகிற மாதிரி வெட்டோடு. திறந்தால் ஸ்பிரிங் ஒன்று குதித்து வந்தது. நுனியில் ஒரு கறுப்புக் கட்டி. அழுக்குதான் இறுகிப் போயிருக்கிறது, பாவம், என்று துடைத்தேன். போகவில்லை. சரி, எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கிற கட்டி போலிருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். மெஷினில் திருகு மூடி இருந்தால் அது எண்ணெய்க் கண், எண்ணெய் விடுகிற துளை. இதுகூடத் தெரியாவிட்டால் இத்தனை வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன்?

இடது மோட்டார் சுவரோரம் இருந்தது, கை சரியாக எட்டவில்லை. அதற்கு ஒப்புக்கு விட்டேன். வலது மோட்டாருக்கு மனதார.

ஜனவரி 17, வெள்ளி

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, எது தாமதம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இல்லை, அரை நாள் பயணம். அங்கே பெண்கள் விடுதியில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதாம். விடுதிக்கும் நிலையத்துக்கும் நாலு தெரு. மார்ச் மூன்றாம் தேதி சேர வேண்டும்.

குரல் தேர்வுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். கிடைக்காது என்ற தைரியத்தில் போயிருந்தேன்.

போனை வைத்துவிட்டு மகள் தொண்டையைச் செருமினாள். "பயணிகள் கவனத்துக்கு. குளியலறையிலிருந்து புறப்பட வேண்டிய அப்பா இன்னும் புறப்படவில்லை." துண்டோடு வெளியே வந்துதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாளா, அழுதுகொண்டே சிரித்தாளா, எது முதலில் வந்தது என்று கவனிக்கத் தவறிவிட்டேன். நான் "நல்லது" என்றேன். பிறகு வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் போட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

மனைவி ஒரு நிபந்தனை வைத்துவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நூலகத்துக்கு மகள் தினமும் தனியாகப் போய் வர வேண்டும். பின்னால் ஆள் கிடையாது. வழியில் ஒரு மேடு, ஒரு நாற்சந்தி. "இங்க போய் வந்து காட்டு. அப்புறம் பெட்டியைக் கட்டலாம்" என்றாள்.

மகள் "சரிம்மா" என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். சண்டை போட்டால் தைரியமாக இருப்பேன். இவள் சரி என்று சொன்னால்தான் எனக்குப் பயம்.

வண்டியைப் பார்த்துக்கொள்வது என் இலாகா என்று முடிவானது. உடனே கேனை எடுத்தேன். இந்தத் தடவையும் வலதுக்குக் கொஞ்சம் தாராளம்.

ஜனவரி 23, வியாழன்

வண்டி வலது பக்கமாக ஓடுகிறது என்கிறாள். தரை சரிவு என்றேன்.

ஜனவரி 25, சனி

தரை சரிவு என்பதை நிரூபிக்கக் கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். அது இடது பக்கமாக உருண்டது. மனைவி எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் இடது. மகள் குண்டைப் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டாள்.

தரைகூட என் கட்சி இல்லை.

ஜனவரி 29, புதன்

இன்று அவள் தனியாகப் போனாள். மூன்றாவது நாள். நான் பின்னால் போகவில்லை. அதே நேரத்துக்கு அதே தெருவில் எனக்கும் ஒரு வேலை இருந்தது, அரை நாள் லீவு போட்டேன், அவ்வளவுதான். தண்ணீர் லாரி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, அதன் மறைவில் நடந்தேன். லாரி திரும்பிவிட்டது. பிறகு ஒரு கம்பம். என் அகலத்துக்கு அந்தக் கம்பம் போதாது.

பள்ளிக்கூடத்து மேட்டில் வண்டி திணறியது. கொஞ்சம் ஏறும், வலது பக்கம் கோணும், நிற்கும். அவள் பின்னுக்கு எடுத்து மறுபடி ஏற்றினாள். மறுபடி நின்றது. நான் அவள் பக்கத்தில் போய்விட்டேன்.

"எங்க போறீங்க?" என்றாள்.

"சும்மா."

"சும்மாவா, இவ்வளவு தூரம்?"

மோட்டாரைக் சக்கரத்திலிருந்து விடுவிக்கிற நெம்புகோலைத் தூக்கினால் வண்டியைக் கையால் தள்ளலாம். தூக்கினேன், தள்ளினேன். வீடு வரைக்கும் எனக்கு வண்டியும் கனமாகத் தெரியவில்லை, வெயிலும் தெரியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மோட்டார் சோர்ந்து போயிருக்கிறது. சோர்ந்த மெஷினுக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பக்கமும் விட்டேன். இந்தத் தடவை வண்டியைத் திருப்பி நிறுத்தி இடதுக்கும் நியாயம் செய்தேன்.

சாயங்காலம் ஒரு தீய்ந்த நாற்றம். அடுப்பில் என்ன என்று கேட்டேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லையாம்.

பிப்ரவரி 6, வியாழன்

சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: "வண்டி இந்த லட்சணத்துல இருந்தா எப்படி அனுப்பறது? அங்க நடுத்தெருவுல நின்னா யாரு வருவா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் அது மனைவிக்கு விழுந்த ஓட்டு. இது மூன்று பேருக்கும் தெரியும்.

பிப்ரவரி 8, சனி

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

நாற்சந்தி நடுவில் வண்டி நின்றுவிட்டது. முழுசா நின்னுபோச்சு. குச்சிக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு சிமிட்டிக்கிட்டு, குச்சியை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் அசையலை. சிக்னல்ல பச்சை விழுந்திருக்கு. எல்லாரும் ஹாரன். நாலு பக்கமும் ஹாரன். என் பொண்ணு நடுவுல.

நான் இல்லை. இன்று பார்த்து நான் போகவில்லை. "பின்னாடி வந்தீங்கன்னா நான் எங்கயும் போகமாட்டேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள், சரி என்று கம்பெனிக்குப் போய்விட்டேன்.

பழவண்டிக்காரர் ஒருவர்தான் தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாராம். அவரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஓரம் வைத்தார்கள். யாரோ ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். பழவண்டிக்காரர் பழம் வேறு கொடுத்திருக்கிறார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள், தின்னவில்லை.

மனைவி அழவில்லை. "வேலை வேணாம். போன் பண்ணிச் சொல்லிடு" என்றாள். மகள் "திங்கட்கிழமை சொல்றேன்" என்றாள். சண்டை போடாமல் சொன்னாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மோட்டார் வைண்டிங் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். வண்டி தூக்கிக்கொண்டு போக முடியாத கனம். கூடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். மகள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி கதவோரம்.

வலது மோட்டாரின் கறுப்பு மூடியைத் திருகினார். ஸ்பிரிங் குதிக்கவில்லை. குறடால் இழுத்தார். கறுப்புக் கட்டி சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குகிற மாதிரி வந்தது. மோட்டாரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்க மை.

"யாருங்க உள்ள தாளிச்சது?" என்றார்.

நான் எண்ணெய்க் கேனைக் கையில் வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கறுப்புக் கட்டிக்குப் பெயர் பிரஷ்ஷாம். பிரஷ் என்கிறார், ஒரு முடி கூட இல்லை. கரியில் செய்த கட்டி. நடுவில் ஒரு செம்பு உருளை சுற்றுகிறது; ஸ்பிரிங் இந்தக் கட்டியை அதன் மேல் அழுத்திப் பிடிக்கிறது; கரன்ட் இது வழியாகத்தான் சுற்றுகிற பாகத்துக்குப் போகிறது. தேய்வதற்கென்றே வைத்த கட்டி. தேய்ந்தால் மாற்ற வேண்டும். காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் தேய்ந்த கரித்தூள் சேறாகிச் செம்பின் சந்துகளை அடைக்கும், கட்டி கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், மோட்டார் செத்துப்போகும்.

"அப்ப எண்ணெய் எங்க போடணும்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போட வேணாம். பேரிங் எல்லாம் கிரீஸ் அடைச்சு மூடியேதான் வருது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல எண்ணெய்தான் போட்டிருக்கீங்க" என்றார். ஆறுதலாம்.

அவர் டீ குடிக்கிற நேரம் மகள் கேட்டாள். சத்தமாக இல்லை.

"அப்பா, தெரிஞ்சு பண்ணீங்களா, தெரியாம பண்ணீங்களா?"

"தெரியாமதான்."

"தெரியாமன்னா சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே நாள், சாயங்காலம்

தெரியாமத்தான் பண்ணேன். சத்தியமா. திருகு மூடியைப் பாத்தா எண்ணெய்க் கண்ணுன்னுதானே எவனும் நினைப்பான்?

எவனும்? எலெக்ட்ரீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஏன் கேட்கவில்லை?

சரி, முதல் தடவை தெரியாது. வண்டி கோணின பிறகு? மேட்டில் நின்ற பிறகு? ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போட்ட பிறகுதானே மோசமாகிறது, கம்பெனியில் ஒரு மெஷின் இப்படிச் செய்தால் எனக்கு உடனே தெரிந்திருக்காதா —

இதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வேலை வேண்டாம் என்று போன் பண்ணுவாள் என்று மனைவியும் நானும் ஆளுக்கொரு மூலையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பண்ணினாள், வைண்டிங் கடைக்கு. புது பிரஷ் இரண்டு ஜோடி வரவழைக்கச் சொன்னாள். மாட்டும்போது தான் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு "பாக்க இல்ல, நானே மாட்டணும்" என்று திருத்தினாள்.

எண்ணெய்க் கேனை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நகைக்குப் பக்கத்தில். எங்கள் நகைக்கு இப்போதுதான் துணை கிடைத்தது.

பிப்ரவரி 12, புதன்

கம்பெனியில் எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். சோற்றை மென்று விழுங்கும் வரை பொறுமையாகக் கேட்டார். "யோவ் ஆயிலு, என் மோட்டார் பக்கம் மட்டும் வந்துடாதே" என்றார். மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போகும்போது தன் கைக்கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 15, சனி

பிரஷ் வந்துவிட்டது. கூடத்தில் மறுபடி சாக்கு. இந்தத் தடவை மகளும் கீழே, சாக்கில். கடைக்காரர் சொல்லச் சொல்ல எல்லாம் அவள் கைதான்.

செம்பு உருளையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். துணி கறுத்தது, அடுத்த துணி, அதுவும் கறுத்தது. என் பனியனில் இரண்டு இதில் உயிரை விட்டன. சந்துகளில் அடைத்த மையை உடைந்த ரம்பத் துண்டால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். பிறகு நைசான உப்புத்தாளை உருளையில் சுற்றி, புது பிரஷ்ஷை அதன் மேல் அழுத்தி முன்னும் பின்னும். தட்டையாக வந்த முகம் உருளைக்கு ஏற்றபடி உள்வளைந்து வந்தது. தூளை ஊதி வெளியேற்றினாள். ஊதினது என் முகத்தில்.

நான் டார்ச் பிடித்தேன். எனக்குக் கொடுத்த வேலை அதுதான். அதிலும் இரண்டு தடவை, "அப்பா, நீங்க பாக்கற இடத்துல இல்ல, நான் பாக்கற இடத்துல" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவளுக்குக் கை நடுங்கவே இல்லை. இதை இத்தனை வருஷம் நான் எப்படிக் கவனிக்காமல் போனேன்? அவள் கையில் நான் எதையும் கொடுத்ததில்லை. வாங்கித்தான் பழக்கம்.

இடது மோட்டாருக்குக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. அவளே முடித்தாள். அவர் பீடியைப் பற்ற வைக்கப் போனார், மனைவி பார்த்தாள், காதில் செருகிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து முன்பக்கச் சின்னச் சக்கரங்களைக் காட்டி, "இதோட அச்சுல மட்டும் கொஞ்சம் கிரீஸ் தடவலாம்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். "அது உங்களுக்குப்பா."

ஒரு வாரத்தில் இரண்டு சக்கரத்துக்குப் பொறுப்பாளனாக என்னை இறக்கிவிட்டார்கள். கௌரவமாக ஏற்றுக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புது பிரஷ் படிவதற்குக் கொஞ்சம் ஓட வேண்டுமாம். மேடு கூடாது, சமதரையில் மெதுவாக. முதலில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், தானாக அடங்கும், ஒன்றும் செய்யக் கூடாது என்று கடைக்காரர் என்னைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் போய்ப் போய் வருகிறாள். கரகர. ஒவ்வொரு கரகரவுக்கும் என் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. அங்கே ஒரு கோலிக்குண்டுதான் இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சத்தம் அடங்கிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. இது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

தனியாகப் போனாள். நாற்சந்தி வழியாகவே. சுற்று வழி ஒன்று இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன், முடிக்கவில்லை.

நான் வாசலிலேயே இருந்தேன். மனைவி ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். வர வேண்டிய நேரம் ஆயிற்று, வரவில்லை. "நூலகத்துல கூட்டமா இருக்கும்" என்றேன். எங்கள் நூலகத்தில் கூட்டம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மனைவி மறுக்கவில்லை. அதைவிடப் பயம் வேறென்ன?

செருப்பை மாட்டினேன். கழற்றினேன். பின்னால் வந்தால் எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். மாட்டினேன். மனைவி, "ஒண்ணு போட்டுக்கங்க, இல்ல விடுங்க" என்றாள்.

விட்டேன்.

அவள் எதிர்ப்பக்கத் தெருவிலிருந்து வந்தாள். நூலகம் முடித்து, பழவண்டிக்காரரைப் பார்த்து நன்றி சொல்லி, அவர் காட்டின கடையில் டீ குடித்துவிட்டு, வேறு வழியாக வந்திருக்கிறாள். மேடு? "எது, பள்ளிக்கூடத்து மேடா? அது மேடா?" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை. நாற்சந்தி கண்ணை விட்டுப் போகவில்லை அவளுக்கு. இன்று மகளை வைத்துக்கொண்டே, "நீங்க என்னதான் சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டாள். தட்டைப் பார்க்கலாம் என்றால் சாப்பாட்டு நேரம் இல்லை.

"போகட்டும்" என்றேன்.

"வண்டி நின்னுட்டா?"

"நின்னா அவளே பிரிச்சுப் பாத்துக்குவா. நான்தான் பாக்கக் கூடாது."

மனைவி பரண் மேலிருந்து பெட்டியை எடுக்கச் சொன்னாள். பெட்டியின் பூட்டு இறுகிக் கிடந்தது. யாரும் என்னை எண்ணெய் போடச் சொல்லவில்லை. சோப்பைத் தேய்த்துத் திறந்தார்கள்.

மகள் புத்தகங்களை அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அன்னைக்குக் கேட்டியே, தெரிஞ்சா தெரியாமலான்னு. எண்ணெய் ஆகாதுன்னு தெரியாது, அது நிஜம். ஆனா மேட்டுல வண்டி நின்னப்ப எனக்கு வருத்தமா இல்லை. அதையும் சொல்லணும்.

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா. மேட்டுலேர்ந்து வீடு வரைக்கும் சீட்டி அடிச்சுக்கிட்டே தள்ளினீங்க."

நான் சீட்டி அடிப்பேன் என்பதே எனக்குச் செய்தி.

"நல்லாவும் அடிக்கல" என்றாள். அப்புறம் அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக் கொடுங்க, துணியில சுத்தி வைக்கணும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தோம். அறை சின்னது, ஜன்னல் பெரியது. கதவு அகலம் போதும், நானே குறுக்கே நின்று பார்த்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கினாள், தூங்குகிற மாதிரி நடித்தாள். நானும் அப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

வீட்டில் எதுவும் கிறீச்சிடவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மகள் போனில் பேசினாள். விடுதிச் சாப்பாடு, மைக் இரைச்சல், ஒரு டிரைவர் தினமும் தாமதமாக வந்துவிட்டு அவளிடம் வந்து சண்டை போடுகிறார், இப்படி எல்லாம். வைக்கப் போகும்போது, "ஆங், போன வாரம் மோட்டார் மூடியைக் கழட்டிப் பாத்தேன். மாத்தறதுக்கு இன்னும் நிறைய தேயணும். தூளை மட்டும் எடுத்தேன்" என்றாள்.

எதனால் எடுத்தாய் என்று கேட்டேன்.

"பெயின்ட் அடிக்கற பிரஷ்ஷாலதான்."

முடி உள்ள பிரஷ்ஷால் முடி இல்லாத பிரஷ்ஷை. போன வாரம். எனக்கு இன்று சொல்கிறாள், அதுவும் போகிற போக்கில். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவளுக்குப் போன வாரமே தெரியுமாம்.

மே 17, சனி

போன மாதம் மனைவி போய் வந்தாள். இன்று நான். பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றதில் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. நிலையத்துக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் மகள் என் பஸ் தாமதமாக வந்து சேர்ந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வருத்தமும் தெரிவித்தாள். அந்த வருத்தம் எனக்கு மட்டும் போதவில்லை.

வேலை முடிந்து வந்தாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வழக்கம்போல் பின்னால் போனேன். கை வழக்கம்போல் முன்னால் போனது, பிடிக்க ஒன்றும் இல்லை. வண்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு தள்ளுகைப்பிடியையும் காணோம்.

"கழட்டிட்டேன்ப்பா. மைக் அறைக் கதவுல மாட்டுது."

சரி என்றேன். இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், ஏதோ மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி.

முதல் தெரு முடியும்போது அவள் திரும்பாமலே சொன்னாள்: "பின்னாடி வந்தா பேசறது கேக்கல. பக்கத்துல வாங்க."

பக்கத்தில் போனேன். இத்தனை வருஷம் தெருவில் அவளோடு போயிருக்கிறேன், நான் பார்த்தது தலை வகிடுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்கிறாள். நாயைக் கண்டால் வலது புருவம் மட்டும் ஏறுகிறது. கடைக்காரர்களைப் பார்த்துத் தலையசைக்கிறாள், அவர்களும் அசைக்கிறார்கள், இவர் யார் என்று என்னைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது தெரு மேடு. விட வந்த அன்று வேனில் வந்ததில் இது தெரியவில்லை, மனைவியும் சொல்லவில்லை. பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. நிற்கிற மாதிரி காட்டாமல் ஒரு சுவரொட்டியைப் படித்தேன். அவள் நின்றாள். அவசரம் இல்லை என்றாள். பிறகு குச்சி இல்லாத பக்கத்தில் கை வைக்கிற சட்டத்தைக் காட்டி, "இதைப் பிடிச்சுக்குங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன், மூச்சு இல்லை. பிடித்துக்கொண்டேன். மோட்டார் முனகாமல் எடுத்தது. கை வழியாக லேசான ஒரு அதிர்வு, ஒரே சீராக. மேடு முடிகிற வரைக்கும் என் கால் பாதி வேலைதான் செய்தது.

"என்ன, மோட்டார் சத்தம் கேக்கறீங்களா?" என்றாள்.

"இல்லையே" என்றேன்.

மேடு முடிந்தது. கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.